உயரத்தை அளக்கும் சட்டம், கீழே குளிக்கும் கூட்டம்

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகள் எல்லாம் அதன் வரம்புக்குள் வருகின்றன. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவை வர வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. நீளம் 500 மீட்டருக்குக் குறையக் கூடாது, அல்லது பத்து லட்சம் கன மீட்டராவது தேங்க வேண்டும், அல்லது நொடிக்கு 2,000 கன மீட்டர் வெள்ளத்தை வெளியேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் அடித்தளத்திலோ வடிவமைப்பிலோ வழக்கத்துக்கு மாறான சிக்கல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட, அணைக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்பதில்லை. இலங்கையிலோ அணைப் பாதுகாப்புக்கென்று இப்படியொரு தனிச் சட்டமே இல்லை. ஆனாலும் அங்கே ஒரு சின்னக் குளத்தின் கட்டு யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஊரில் பதில் கிடைக்கும். சிறிய அணைகளைப் பொறுத்தவரை இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதி வேலையைத்தான் செய்கின்றன. விடுபட்டுப்போன பாதியோ இரண்டிலும் ஒன்றேதான்: தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகாமல், அதில் இறங்கிக் குளிக்க வருகிறவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகே பவானி ஆற்றின் குறுக்கே உள்ள கொடிவேரி அணையை எடுத்துக்கொள்வோம். உயரம் சுமார் 20 அடி. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் இங்கிருந்து பிரிந்து 24,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருகின்றன. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து, அணையிலிருந்து அருவிபோல் விழும் தண்ணீரில் குளித்து, பரிசலில் போய், வறுத்த மீன் வாங்கித் தின்றுவிட்டுப் போகிறார்கள். உயர அளவுகோலை வைத்துப் பார்த்தால் புதிய சட்டத்துக்கு இது கண்ணில் படாத கட்டுமானம். ஆனால் அங்கே நீரில் நிற்பவருக்கு ஆபத்து அணையின் உயரத்திலிருந்து வருவதில்லை. தடுப்பணையின் மேல் வழிந்து விழும் நீர் அடியில் மோதி, மேல்மட்டத்தில் அணையை நோக்கியே திரும்பிச் சுழல்கிறது. அந்தச் சுழலில் சிக்கியவரை அது விடாமல் இழுத்து இழுத்து உள்ளே புரட்டும், நீச்சல் தெரிந்தவருக்கும் அதில் தப்பும் வழி குறைவு. பல ஆண்டுகள் விழுந்த நீர் அரித்த பள்ளங்கள் கலங்கிய நீருக்கடியில் மறைந்திருக்கும். போதாததற்கு, மேலே 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் இருக்கிறது. அங்கே உபரி நீர் திறந்தால், கொடிவேரியில் மழையே பெய்யாத நாளிலும் வெள்ளம் வரும்.

இதற்குத் தமிழகத்தில் இருக்கும் நடைமுறை இரண்டே: சீட்டும் தடையும். நீர் மிதமாக இருந்தால் நுழைவுச்சீட்டு, மிகுந்தால் 'சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை' என்ற அறிவிப்பு. பவானிசாகரில் மதகு திறந்ததும் கொடிவேரியை மூடிவிடுவது பயனுள்ள ஏற்பாடு, அதைக் குறை சொல்வதற்கில்லை. குறை எங்கே என்றால், வருகிறவர்களைக் கட்டுப்படுத்துவதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைப்பதில். கட்டுமானத்தின் நிலையைப் பார்ப்பது வேறு பிரிவின் வேறு கோப்பு. முக்கொம்பு இதை வெளிச்சம் போட்டுக் காட்டியது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டத் தொடங்கிய மேலணை அது, திருச்சிக்காரர்களுக்கு எப்போதும் பூங்கா. 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் பகுதியில் இருந்த 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. காவிரி நிறைந்து ஓடிய நாட்கள் அவை. மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை தாழ்ந்ததா, கட்டுமானத்தின் முதுமையா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. பூங்காவுக்குப் பராமரிப்பு இருந்தது, பக்கத்திலேயே நின்ற அணையின் அடித்தளத்தை அதே அக்கறையோடு யாராவது பார்த்தார்களா என்பது அந்த வாதத்தில் அதிகம் எழாத கேள்வி.

பொறுப்பு பிரிந்து கிடப்பது தமிழகத்தின் ஏரிகளிலும் தெரிகிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறைக்கு, அதற்குக் குறைந்தவை உள்ளாட்சிக்கு. ஏரிகளின் மொத்த எண்ணிக்கையோ 39,000ஐத் தாண்டும். நீர்க்கட்டி என்ற ஏரிக் காவலரை வைத்துக் கரையைப் பார்த்துக்கொண்ட ஊர்களில் பெரும்பாலானவற்றில் அந்த வேலை தேய்ந்துவிட்டது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரில் அரசு மீண்டும் தூர்வாரத் தொடங்கியது, ஆனால் மண் எடுப்பது வேறு, கரையை நாள்தோறும் நடந்து பார்ப்பது வேறு. அப்படிப் பார்த்துச் சொன்னாலும் கேட்க ஆள் வேண்டும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறுபாசன அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து கீழே இருந்த வீடுகளை அடித்துச் சென்றது. கசிவைப் பற்றி முன்பே முறையிட்டதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அமைச்சர் ஒருவரோ நண்டுகள் கரையைத் துளைத்துவிட்டன என்று விளக்கம் சொல்லி நாடெங்கும் கேலிக்கு ஆளானார். நண்டு வளை கரைக்குக் கேடு என்பது உண்மைதான், அது எந்த நீர்க்கட்டிக்கும் தெரியும். வளையைக் கண்டதும் அடைக்க ஒருவர் இல்லாமல் போனதற்கு நண்டா பொறுப்பு?

இலங்கைக்கு வருவோம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் திருகோணமலை மாவட்டத்தின் கந்தளாய்க் குளம் உடைந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கட்டின் மேல் கனரக வாகனங்கள் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. பெரிய குளங்களுக்கு அதன் பின்னும் திணைக்களங்களே பொறுப்பு. 2008இல் உலக வங்கிக் கடனோடு பெரிய அணைகளைச் சீர்செய்யும் திட்டமும் வந்தது. சின்னக் குளங்களின் கதை வேறு. அவை பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். 80 ஹெக்டேர் வரை நீர் பாய்ச்சுபவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் மேற்பார்வையில் இருக்க, 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அமைந்த கமக்காரர் அமைப்புகள் அவற்றைப் பராமரிக்கின்றன. பெரும்போகத்துக்கு முன் கூடும் கூட்டத்தில் எந்த நாளில் துருசு (மதகு) திறப்பது என்பதோடு, கட்டில் பற்றை வெட்டுவது யார், வாய்க்கால் துப்புரவாக்குவது யார் என்பதும் தீர்மானமாகும். ஊரின் நீர்ப்பங்கீட்டைக் கவனித்த பழைய விதானை முறையை 1958இன் நெற்காணிச் சட்டம் எடுத்துவிட்டாலும், கிழக்கில் வட்டவிதானை என்ற பெயரும் பணியும் இன்னும் புழக்கத்தில் உண்டு. கட்டின் அடியில் கசியும் நீர் தெளிவாக வந்தால் பொறுக்கலாம், கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். இதை அறிய கருவி வேண்டாம், அந்த வழியே நடந்து போகும் ஒருவர் போதும். இலங்கை முறை காப்பாற்றி வைத்திருப்பது அந்த ஒருவரை.

இதைப் புகழ்ந்து நிறுத்திவிட்டால் அது ஏமாற்று. கமக்காரரின் கண் வயலைப் பார்க்கும் கண். குளம் நிறைய வேண்டும், அடுத்த போகத்துக்கு நீர் மிஞ்ச வேண்டும் என்பதே அதன் கணக்கு. நீர் குறைந்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே திறந்துவிட அது தயங்கும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் உபரி நீரை வெளியேற்றும் வான் கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்று வன்னியில் எழுந்த சர்ச்சை இந்த இழுபறியின் பெரிய வடிவம். மேலும், இலங்கையில் குளத்தில் குளிப்பது சுற்றுலா அல்ல, அன்றாடம். பின்னேரத்தில் துருசுக்குப் பக்கத்துப் படியில் ஊரே குளிக்கும். வான் பாயும் நாட்களில் வெளியூரிலிருந்தும் வேடிக்கை பார்க்க ஆட்கள் சேர்வார்கள். கமக்காரர் அமைப்பில் அவர்களுக்குப் பேச்சு இல்லை, அவர்களைப் பற்றிய விதியும் இல்லை. தாழ்நிலத்தில் வசிப்பவருக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் எச்சரிக்கை அனுப்புகிறது. வானின் கீழே பாறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போய்ச் சேர்வது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

குளிப்பதையே தடை செய்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் இரு நாட்டிலும் இருக்கிறார்கள். தடை செய்த இடத்துக்கு ஆட்கள் வராமல் இருப்பதில்லை, காவலர் இல்லாத கரையாகப் பார்த்து இறங்குவார்கள். மக்கள் புழங்காத அணையில் விரிசலைக் கண்டு சொல்லவும் யாரும் இருக்கமாட்டார்கள். இதைவிடக் கனமான மறுப்பு செலவைப் பற்றியது. ஆயிரக்கணக்கான சிறு அணைகளுக்குப் பொறியாளரை அனுப்பி ஆய்வு செய்ய எந்த அரசுக்குக் கட்டுப்படியாகும்? எல்லாவற்றுக்கும் அனுப்ப முடியாதுதான். ஆனால் கூட்டம் சேரும் இடங்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். பல இடங்களில் ஏற்கெனவே சீட்டுப் போட்டு வசூலிக்கிறார்கள். அந்த வசூலில் ஒரு பங்கை அந்த அணைக்கே ஒதுக்கி, மழைக்கு முன்னும் பின்னும் அடித்தளத்தையும் கீழ்ப்புறப் பள்ளங்களையும் பார்த்து அறிக்கையை நுழைவாயிலில் ஒட்டுவது பெரிய செலவில்லை. மீதி இடங்களுக்கு இலங்கையைப் போல ஊரில் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து ஊதியம் தரலாம். இலங்கை தன் பங்குக்கு, போகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் குளிப்பிடத்தையும் ஒரு விடயமாகச் சேர்க்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

பொறுப்பு குழம்பிப்போகும் என்று அதிகாரிகள் அஞ்சக்கூடும்: கட்டியவர் ஒருவர், நீரைத் திறப்பவர் ஒருவர், சீட்டுக் கொடுப்பவர் இன்னொருவர். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலத்தின் பியாஸ் ஆற்றில், லார்ஜி அணையிலிருந்து திடீரென்று திறந்துவிடப்பட்ட நீர், கீழே பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர் 24 பேரை அடித்துச் சென்றது. அணை உடையவில்லை, விரிசல்கூட இல்லை. வழக்கு இமாச்சல உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, யாருடைய அதிகார எல்லை எங்கே முடிகிறது என்பதோடு அது நிற்கவில்லை. மின்வாரியம், அவர்களை அழைத்துச் சென்ற கல்லூரி, மாநில அரசு ஆகிய மூவரும் பங்கிட்டு இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.