ஒன்றரை ஷிப்ட்டும் ஓர் அறையும்

என் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செக்கிங் வேலை பார்த்தார். தைத்து வந்த பனியனை விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஒதுக்க வேண்டும். நாள் முழுக்கக் கண்ணால் செய்கிற வேலை. வீட்டுக்கு வந்தபின் வேறு எதையும் பார்க்க அவருக்குக் கண் இருக்காது. டிவி முன்னால் உட்கார்ந்த சற்று நேரத்தில் தூங்கிவிடுவார். “படம் எப்படிம்மா இருந்துச்சு?” என்று சீண்டுவோம். “நல்லாத் தூங்க வெச்சுது கண்ணு” என்பார்.

இப்போது நான் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் வர்ஜீனியா வூல்ஃபின் ‘தனக்கென ஓர் அறை’யைப் பாடம் எடுக்கிறேன். 1928இல் கேம்பிரிட்ஜில் மாணவியருக்கு ஆற்றிய உரைகளிலிருந்து உருவாகி 1929இல் வெளியான நூல். எழுத விரும்பும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் தாழிடக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்பது அதன் வாதம். என் மாணவியர் உடனே ஏற்றுக்கொள்ளும் வாதமும்கூட. அறை இல்லாதது என்னவென்று லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு முறை, புத்தகத் திருவிழாவுக்கு வராத மாணவி ஒருத்தியை வகுப்பில் கடிந்துகொண்டேன். “காசு செலவில்லை, டவுன் பஸ்ஸும் இலவசம், அப்புறம் என்ன?” என்றேன். விடுமுறை நாட்களிலும் மாலைகளிலும் அவள் பேக்கிங் வேலைக்குப் போவது எனக்குத் தெரியாது. அவள் கோபப்படவில்லை. பாடத்தைத்தான் காட்டினாள். “அந்தம்மாவுக்கு அத்தை பணம் வெச்சுட்டுப் போனாங்க மேம். எங்க அத்தை என்னைக் கம்பெனியில சேர்த்துவிட்டாங்க.”

பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்தும் நான் கடந்துபோன இடம் அது. நூலின் கதைசொல்லிக்கு அந்த 500 பவுண்டு சம்பாத்தியமாக வரவில்லை. பம்பாயில் காற்று வாங்கக் குதிரைச் சவாரி போன அத்தை விழுந்து இறந்ததால் வந்த சொத்து அது. பருத்தி ஆலைகளின் நகரம் பம்பாய். அங்கே ஓய்வாகச் சவாரி போன ஒருத்தியின் பணம், லண்டனில் இன்னொருத்தியின் ஓய்வாகிறது. அதே பம்பாயின் ஆலைகளில் பஞ்சோடும் நூலோடும் நின்ற பெண்கள் அந்தக் காட்சியில் இல்லை.

திருப்பூர்ப் பெண்ணிடம் பணம் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் அவள் கையில்தான் விழுகிறது. ஆனால் அந்தப் பணம் நேரத்தை விற்று வந்த பணம். காலை 8.30க்கு உள்ளே போனால் இரவு 8.30க்கு வெளியே வருவதற்கு இங்கே ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று பெயர். ஒரு ஷிப்ட் கூலி வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகிவிடும். பிள்ளையின் பீஸுக்கும் சீட்டுக்கும் அந்த அரை ஷிப்ட் வேண்டும். சினிமாவுக்குக் காசு சேர்க்க வேண்டுமானால் அதையும் அரை ஷிப்ட்டில்தான் சேர்க்க வேண்டும். மாலைக் காட்சி ஓடுவதும் அதே அரை ஷிப்ட் நேரத்தில்தான்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. எட்டு மணி நேரத்துக்கு வாழத் தக்க கூலி இருந்தால் மிகைநேரத்தை யார் தேடிப் போவார்கள்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால், மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நல்ல வெற்றிதான். ஆனால் அந்த வாரமும் என் தெருப் பெண்கள் ஒன்றரை ஷிப்ட்தான் பார்த்தார்கள்.

கம்பெனி விட்டாலும் வேலை விடுவதில்லை. 2024இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். ஞாயிறு என்றால் அவருக்குக் கறிக்கடை, டீக்கடை, ஒரு படம். அவளுக்கு வாரத்துத் துணி மொத்தமும். கடையில் நின்று பேசும் ஆணை யாரும் ‘எங்கே கிளம்பிட்டே?’ என்று கேட்பதில்லை. ரேஷன், ஆஸ்பத்திரி, கோயில் என்று பதில் சொல்ல முடிந்தால் மட்டுமே அவள் வெளியே வரலாம். ‘சும்மா’ என்பது பெண் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஏழ்மை அவளது நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய நேரத்துக்குக் குடும்பம் கணக்குக் கேட்கிறது.

வூல்ஃபைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உழைக்கும் பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய தொகுப்பொன்று 1931இல் வந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் அவர்தான். 1913இல் அப்பெண்களின் மாநாட்டுக்குப் போயிருந்ததையும், அவர்கள் கேட்டவை எல்லாம் கிடைத்தாலும் தன் வசதிக்கு ஒன்றும் ஆகாது என்று அங்கே தோன்றியதையும் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மை நம் பெண்ணிய வகுப்பறைகளுக்கும் வேண்டும். ‘நம் பெண்கள் வாசிப்பதில்லை’ என்று மேடையில் வருந்துகிறோம். கூட்டத்தை எத்தனை மணிக்கு வைத்தோம் என்று யோசிப்பதில்லை.

கம்பெனியில் பாட்டு ஓடுகிறதே, செல்போன் இருக்கிறதே என்பார்கள். உண்மைதான். கை மடிக்கிற பெண்கள் பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பதை நானும் கேட்டிருக்கிறேன். அது வேலைக்கு நடுவே திருடிய இன்பம். அதை மெச்சுவதோடு நிறுத்திக்கொண்டால், திருட வேண்டியிருக்கிற நிலைமையையும் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இப்போது வூல்ஃபின் பட்டியலோடு இன்னொன்றையும் கரும்பலகையில் எழுதுகிறேன்: எட்டு மணி நேரக் கூலியில் வாழ முடிகிற வாழ்க்கை. அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். “அடுத்த வருசம் வர்றேன் மேம், ஷிப்மென்ட் இல்லேன்னா” என்றாள்.