மாணவரும் தன்வலியறிதலும்

வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் ஆராயவேண்டுமெனக் கூறிய வலிகள் நான்கு. அவற்றுள் முதற்கண் வைக்கப்பட்டது செய்யக் கருதிய வினையின் வலியாகும். தன்வலியும் பகைவன் வலியும் துணைவர் வலியும் அதன் பின்னரே வருவன. மாணவர் தம் உடற்றகைமையை எங்ஙனம் மதிக்கின்றனர் என அறியப் பயன்படும் இக்காலக் கருவிகளுட் சில, வினையை விடுத்துப் பிறர்வலி ஒன்றையே அளவாகக் கொண்டன.

2011ஆம் ஆண்டில் ஒர்ட்டேகா முதலியோர், ஐரோப்பியக் கட்டிளமைப் பருவத்தாரிடம் சோதித்து வெளியிட்ட சர்வதேச உடற்றகைமை அளவுகோல் இதற்குச் சான்றாகும். பொதுத் தகைமை, இதய சுவாசத் தகைமை, தசைவலிமை, வேகமும் சுறுசுறுப்பும், நெகிழ்வு என ஐந்தினை அது வினவும். மாணவன் தன்னைத் தோழரோடு ஒப்பிட்டு, 'மிகக் குறைவு' முதல் 'மிக நன்று' ஈறாகிய ஐந்து படிகளுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும். சுருக்கமும் எளிமையும் அதன் சிறப்புக்கள். எனினும், வெவ்வேறு பள்ளிப் பருவத்தாரை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இத்தகைய வினாவின் குறை புலனாகும்.

ஆரம்பப் பிரிவுச் சிறுவன் முயற்சியையும் ஆற்றலையும் வேறுபிரித்தறியான். முயன்று ஓடியவன் தன்னை வல்லவனென்றே கருதுவான். ஏறத்தாழ 12 வயதளவிலேயே அவ்வேறுபாடு தெளிவுறும் என்பது 1978இல் நிக்கல்ஸ் கண்ட முடிபு. ஆகவே, இடைநிலை வகுப்பு மாணவன் தன்னைத் தாழ்வாக மதிப்பானாயின், தேய்ந்தது உடல் எனத் துணிதல் தகாது. மாறியது அளவுகோலாகவும் இருத்தல் கூடும்.

வன்னி நிலத்தில் இக்குறை பின்னும் பெரிதாகும். ஊர்ப்புற மாணவி நெடுவழி துவிச்சக்கரவண்டி மிதித்துப் பாடசாலை சேர்கின்றாள், நீர் சுமக்கின்றாள், வயலிலும் உழைக்கின்றாள். ஆயினும், இல்ல விளையாட்டுப் போட்டியில் இடம்பெறாமையால் 'குறைவு' என்றே குறிக்கின்றாள். 2009இல் முடிவுற்ற போரில் அவயவம் இழந்து, செயற்கைக் காலோடு மீண்டும் வகுப்புக்கு நடந்த மாணவரின் வலியை அவ்வினாத்தாள் எப்படியில் வைக்கும்?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 6 முதல் 9 வரையுள்ள தரங்களில் யாவருக்கும் உரியதான சுகாதாரமும் உடற்கல்வியும், சாதாரணதர வகுப்பில் தெரிவுப் பாடமாகின்றது. 'நான் வலியிலேன்' என 14 வயதில் நம்பியவள் பாடத்தோடு மைதானத்தையும் துறப்பாள்; பின்னர் அவளை அங்கு அழைப்பார் அரியர்.

எனவே, 'தோழரினும் எத்தகையை?' என வினவுமுன், 'யாது செய்ய வல்லை? சென்ற தவணையினும் இத்தவணை எவ்வளவு முன்னேறினை?' என வினவுதலே முறை. அவ்வினாவை எழுப்புதல் ஆசிரியர் கடன்.