மென்பொருளும் பெயர்த் தகுதியும்

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினார் நன்னூலார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றல் குழூஉக்குறிக்கு உரைகாரர் காட்டும் உதாரணம். பட்டறைக்குள் வழங்குமட்டும் அதனாற் குற்றமில்லை. அது கடைவீதிக்கு வந்துவிடின் யாதாகும்? திறந்த மூல மென்பொருள்களின் பெயர்கள் எழுப்பும் வினா இதுவே.

படங்களைத் திருத்தும் 'கிம்ப்' என்னும் மென்பொருளை 1995 இல் பேர்க்கிளிப் பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கினர். முழுப்பெயரின் முதலெழுத்துகளால் ஆகிய அச்சொல், ஆங்கிலத்திற் கால் ஊனமுற்றோரை இழித்துரைக்கும் சொல்லுமாகும். ஆக்கியோர்க்கு அது நகை. வீட்டிலிருந்து பயன்படுத்துவார்க்கும் பொருட்டன்று. காரியாலயத்தின் நிலையோ வேறு. திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியில் ஓர் இலிகிதர் அக்கருவியை வேண்டின், மேலதிகாரிக்கு எழுதும் விண்ணப்பத்தில் முதற்கண் நிற்பது அதன் பெயரே. தமிழ்ச் செவிக்கு அது வெறும் இடுகுறி. கடிதமோ ஆங்கிலம் வல்லார் கைக்குஞ் செல்லும். விலையின்றிக் கிடைப்பது தரமுடையதாகுமோ என ஐயுறுவார்க்கு, இழிபெயர் மற்றுமொரு சாட்டாகிவிடும்.

இக்குறை நீக்க விரும்பினோர் சிலர், 2019 இல் அம்மென்பொருளையே பிரித்தெடுத்துக் 'கிளிம்ஸ்' எனப் பெயரிட்டனர். 2021 இல் அம்முயற்சி நின்றது. 'கிம்ப்' இன்றும் வழங்குகின்றது. ஆகவே பெயராற் பயனில்லை என வாதிப்பாருளர். அவ்வாதம் பொருந்தாது. புதுமுயற்சி ஆட்பலமின்றி நின்றதேயன்றி, நற்பெயர் பெற்றமையால் நின்றதன்று. மேலும், பெயர்கேட்ட அளவிலே விலகிச் சென்றாரை எக்கணக்கிலும் எழுதுவாரில்லை.

இனி நம் நாட்டு உதாரணம். 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்கோள் கீழைக்கரையைச் சூறையாடியபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிந்து பேண, இலங்கைக் கணனி வல்லுநர் தொண்டுள்ளத்தோடு ஒரு திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். அதற்கு அவர் இட்ட பெயர் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்பது பொருள். தமிழர் சிறிதே நீட்டி ஒலிப்பின் அஃது ஓர் இராகத்தின் பெயராகிவிடும்! 2005 இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. அதன் பரவலுக்குப் பெயரே காரணமென்றல் மிகையாகும். வேண்டியபொழுது வேண்டிய பணியைச் செய்தமையே தலைமைக் காரணம். ஆயினும் உற்றாரை இழந்தார் முன்னிலையில், எவ்வதிகாரியும் நாணாது சொல்லத்தக்க பெயர் அது. 'கிம்ப்' என்பதனை அவ்விடத்து ஆங்கிலமறிந்தார் ஒருவர் வாய்விட்டுச் சொல்வாரோ?