காலியான பெட்டகமும் புனித லாரன்சின் செல்வமும்

ஒரு தெருவில் வங்கி மூடப்படும்போது அத்தெருவின் மானமும் உடன் மூடப்படுகிறது. பூட்டிய கதவுகளைப் பார்த்தே வளரும் பிள்ளைகள், தாங்கள் எவருக்கும் வேண்டாதவர்கள் என்று எண்ணத் தொடங்குகின்றனர். அமெரிக்காவின் சிகாகோ மாநகரில், கறுப்பின மக்கள் வாழும் தென்பகுதியில் நிகழ்ந்தது இதுவே. ஸ்டோனி ஐலண்ட் சாலையில் 1923-இல் கட்டப்பட்ட வங்கி 1980-களில் மூடப்பட்டது. பாழடைந்த கட்டடம் இடிக்கப்படும் நாளை எதிர்நோக்கி நின்றது.

அதனை மாநகராட்சியிடமிருந்து ஒரே ஒரு டாலருக்குப் பெற்றவர் தியஸ்டர் கேட்ஸ் என்னும் கலைஞர். மட்பாண்டக் கலையும் நகரத் திட்டமிடலும் சமய இயலும் கற்றவர். ஆலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர். விலை ஒரு டாலர்தான். செப்பனிடும் செலவோ பெரிது. எனவே கட்டடத்தின் கழிப்பறைப் பளிங்கை 100 சிறு பலகைகளாக அறுத்து, ‘கலையில் நம்பிக்கை வைக்கிறோம்’ என்று பொறித்து, கடன் பத்திரங்களைப் போல ஒவ்வொன்றுக்கும் 5,000 டாலர் விலை குறித்தார். 2013-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் கலைச் சந்தையில் அவை விற்பனைக்கு வந்தன.

அமெரிக்க நாணயத்தில் கடவுளின் பெயர் இருக்கும் இடத்தில் கலையின் பெயரை வைத்தது நம்மில் சிலருக்கு உறுத்தலாம். எனக்கு அது இறைப்பழிப்பாகத் தோன்றவில்லை. பணத்தின்மீது கடவுளின் பெயரைப் பொறித்துக்கொண்டே, கறுப்பினத்தார் வாழும் பகுதி என்றால் கடன் மறுத்த வங்கிகளை நோக்கிய அங்கதம் அது.

2015 அக்டோபரில் கட்டடம் ‘கலை வங்கி’யாகத் திறக்கப்பட்டது. கறுப்பின மக்களுக்காக ‘எபொனி’, ‘ஜெட்’ இதழ்களை வெளியிட்ட நிறுவனத்தின் நூலகம், இசைக் கலைஞர் ஃபிராங்கி நக்கிள்ஸின் இசைத்தட்டுகள், 60,000 கண்ணாடிப் படவில்லைகள் ஆகியவை அங்குச் சேர்ந்தன. கறுப்பினத்தாரை இழிவுபடுத்தும் பொம்மைகளும் படங்களுமாக ஏறத்தாழ 4,000 பொருள்களும் வந்தன. அவை இனிச் சந்தையில் உலவலாகாது என்று வாங்கி ஒதுக்கியவர், கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரு வங்கியாளர். பணத்தைச் சேமித்த இடம் ஒரு மக்களின் நினைவையும் காயத்தையும் சேமிக்கும் இடமாயிற்று. துருப்பிடித்த பழைய பெட்டகத்தைப் புதுப்பிக்காமல் அப்படியே விட்டதும் நல்ல முடிவு. தழும்பை மறைக்காத குணமே உண்மையான குணம்.

ஆயினும் இதே கலைஞரின் இன்னொரு படைப்பு என்னை அமைதியிழக்கச் செய்கிறது. அதே தென்பகுதியில் புனித லாரன்ஸ் கத்தோலிக்க ஆலயம் மூடப்பட்டுக் கிடந்து, 2014-இல் இடிக்கப்பட்டது. இடிபாடுகளுக்கிடையே பாட்டொலி எழ, கதவைத் தூக்கித் தூக்கித் தரையில் விழச்செய்யும் காட்சியைக் கேட்ஸ் திரைப்படமாக்கினார். ஆலயத்தின் கூரைப் பலகைக்கற்களும், மணியும், புனிதரின் சுரூபமும் 2015-இல் வெனிஸ் கலைக் கண்காட்சிக்குச் சென்றன.

காட்சி உருக்கமானதுதான், அழிந்திருக்க வேண்டியவை காப்பாற்றப்பட்டதும் உண்மைதான். ஆனால், திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்குமாறு கேட்ட அதிகாரிக்கு ஏழைகளைக் காட்டி, “இவர்களே அச்செல்வம்” என்றவர் திருத்தொண்டர் லாரன்ஸ் என்பது நம் மரபு. அவருடைய சுரூபம் கடல் கடந்து கலைச் சுவைஞர் முன் நின்றபோது, அதன் முன் மெழுகுதிரி ஏற்றியவர்கள் அங்கு இல்லை. ‘மறைசாட்சி’ என்று பெயரிட்ட படைப்பில் சாட்சியைக் கேட்க வேண்டியவர்களுக்கு இடமில்லாமற்போயிற்று. இதில் கலைஞர்மீது மட்டும் குறை சொல்லி நாம் தப்பிவிட முடியாது. அவர் பொறுக்கியெடுத்தது நாம் கைவிட்ட கற்களை.

ஆகவே இரண்டில் கலை வங்கியையே உயர்ந்த படைப்பாகக் கருதுகிறேன். அங்குச் செல்வந்தரின் பணம் ஏழைகளின் தெருவுக்கு வந்தது. இங்கு ஏழைகளின் உடைமை செல்வந்தர் கூடும் அரங்குக்குச் சென்றது. மக்களுக்கான கலை என்று எதையேனும் நமக்குக் காட்டும்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றே: கண்காட்சி முடிந்த மறுநாள் அது யாரிடம் இருக்கிறது?