மூணு பாட்டு தூரம்

ஐபாட் என்ற வஸ்துவை ஆப்பிள் கம்பெனி 2022 மே மாதம் நிறுத்திவிட்டது. 2001-ல் பிறந்து, இருபத்தொரு வருஷம் பாடிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. அதில் பாட்டு கேட்டவர்களில் பலருக்கே தெரியாத ஓர் உபயோகம் அதற்கு இருந்தது. வழி சொல்லும். 2003-ல் வந்த மாடலில் 'நோட்ஸ்' என்று ஒரு குட்டி வசதி. ஒரு குறிப்பு நாலு கிலோபைட்டுக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்க ஆசாமிகள் போக வேண்டிய வழியை கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, அந்த நாலு கிலோபைட்டுக்குள் அடைத்து, பாட்டோடு பாட்டாகக் காரில் எடுத்துப் போனார்கள். 2005-ல் ஒருவர் நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ ரயில் மேப்புகளை ஐபாட் திரைக்கு ஏற்ற மாதிரி வெட்டி இலவசமாகக் கொடுத்தார். 'மேப் எங்களுடையது' என்று இரண்டு ஊர் ரயில்காரர்களும் நோட்டீஸ் அனுப்பினார்கள். நல்ல காரியம் செய்தால் முதலில் வக்கீல் கடிதம்தான் வரும் என்பது உலகப் பொது விதி போலிருக்கிறது.

பாட்டுப் பெட்டி வழி சொல்வதில் தமிழர்கள் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. நம்மிடம் அது சங்க காலத்திலேயே இருந்தது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. திருமுருகாற்றுப்படையை விட்டுவிட்டால் மற்ற நாலிலும் கதை ஒன்றுதான். யாழும் முழவும் சுமந்து, வள்ளல் ஒருவனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற கலைஞன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு கலைஞனை நிறுத்தி, 'இப்படிப் போ, இது வரும், அதற்கப்புறம் அது' என்கிறான். கையில் எடுத்துச் செல்லக்கூடிய சங்கீதம், கூடவே வழிகாட்டி. சார்ஜ் மட்டும் தேவைப்படாது, சோறு போட்டால் போதும்.

இப்போது இரண்டு வேலையையும் போன் பார்க்கிறது. பாட்டும் அதிலேதான், வழியும் அதிலேதான். சினிமாவுக்கும் நாவலுக்கும் விமரிசனம் எழுதுகிறோம். தினமும் கோடிப் பேர் காதில் விழுகிற இந்த வழிசொல்லும் குரலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு யாராவது விமரிசனம் செய்தார்களா என்று தெரியவில்லை. நான் செய்கிறேன். பரீட்சை நடந்த இடம் சங்கரன்கோவில்.

அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பிறகு தென்காசிக்குப் போன ஊர். சங்கரநாராயணர், கோமதி அம்மன், ஆடித்தபசு, புற்றுமண் எல்லாம் நீங்கள் அறிந்ததே. அதிகம் பேர் அறியாதது, சுற்று வட்டாரத்தில் ஐந்து சிவன் கோயில்களைப் பஞ்சபூதத் தலங்களாகச் சொல்வார்கள் என்பது. சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம், தாருகாபுரம் நீர். சிவராத்திரியன்று ஐந்தையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் உண்டு. காஞ்சிபுரம், சிதம்பரம், காளஹஸ்தி என்று அலைய முடியாதவர்களுக்கான எகானமி ஏற்பாடு. போனின் திறமையைச் சோதிக்க இதைவிடத் தோதான ரூட் கிடையாது.

முதல் கோளாறு ஸ்பெல்லிங். ஆங்கிலத்தில் 'தென்மலை' என்று தேடினேன். கேரளாவில், ஆரியங்காவு தாண்டி, கொல்லம் மாவட்டத்தில் அணைக்கட்டும் காடுமாக இருக்கிற தென்மலாவுக்கு வழி காட்ட மிகுந்த ஆர்வத்துடன் முன்வந்தது போன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் கடைசியில் ஒரே ஓர் 'ஐ'. காற்றுத் தலத்துக்குப் போகிறவரை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட ஓர் எழுத்து போதும். சங்கரன்கோவிலுக்கே ஆங்கிலத்தில் குறைந்தது மூன்று ஸ்பெல்லிங் புழக்கத்தில் இருக்கிறது. கோவில், கோயில், நடுவில் எழுத்தே இல்லாமல் கோஇல்.

இதை அரசாங்கம் சரிசெய்யப் பார்த்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. ஆங்கிலத்தில் பத்தெழுத்தாக இருந்த கோயமுத்தூர் பதினாலு எழுத்தாகியது. வேலூர் 'வீலூர்' என்று படிக்கும்படி ஆனது. ஊரே சிரிக்க, அந்த மாதமே வாபஸ். நோக்கம் சரி, கையாண்ட விதம்தான் சரியில்லை. தமிழ்ப் பெயரைத் தமிழில் வைத்துக்கொண்டால் இந்த வம்பே இல்லை. ஆனால் மேப்பில் அது தலைகீழாக நடந்தது. 2021-ல் கூகுள் தன் மேப்பில் உள்ள இடப் பெயர்களைத் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளில் தானாக எழுத்துப்பெயர்க்க ஏற்பாடு செய்தது. எதிலிருந்து? ஆங்கிலத்திலிருந்து. அதாவது நம் தெருமுனைக் கடைப் பெயர் ஒருமுறை ஆங்கிலத்துக்குப் போய், அங்கே ல, ள இரண்டும் ஒன்றாகி, ந, ன, ண மூன்றும் ஒன்றாகி, ர, ற வித்தியாசம் தொலைந்து, தமிழுக்குத் திரும்பி வருகிறது. துபாய் போய்த் திரும்பிய மாமாவை ஏர்போர்ட்டில் அடையாளம் தெரியாத மாதிரி.

இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியமானது. தேவதானத்தில் டீக்கடையில் தாருகாபுரத்துக்கு வழி கேட்டேன்.

''இப்படியே தெக்க போங்க அண்ணாச்சி. சிவகிரி வரும், விட்டுருங்க. வாசுதேவநல்லூர் போயி அங்க யார்ட்டயாச்சும் கேளுங்க. சொல்லுவாவ.''

இந்த நாலு வாக்கியத்தில் இருக்கிற ஞானம் போனில் இல்லை. முதலில் திசை. தெற்குச் சீமையில் இடது, வலதைவிட தெக்க, வடக்க, மேக்க, கெழக்கதான் வழி. பந்தியில் இலையைக் கொஞ்சம் மேக்க தள்ளச் சொல்லுவார்கள். ரத வீதிகளின் பெயரிலேயே திசை உட்கார்ந்திருக்கிறது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர், ஹாலந்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்காக 1990-களில் தமிழ்நாட்டில் இதை ஆராய்ந்தார். கிராமத்துத் தமிழர்கள் திசையைச் சொல்லியும் நகரத்துத் தமிழர்கள் இடம் வலம் சொல்லியும் பேசுகிறார்கள், பேச்சுக்குத் தக்கபடி மனசும் இடத்தை வைத்துக்கொள்கிறது என்று எழுதினார். ஒரே மொழிக்குள் இரண்டு உலகம். போன் நகரத்துத் தமிழர் கட்சி. வேடிக்கை என்னவென்றால், கிளம்பும்போது முதல் வாக்கியத்தில் மட்டும் 'தென்கிழக்கு நோக்கிச் செல்லவும்' என்று திசை சொல்லும். சென்னைக்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே சுற்றிப் பார்ப்பார். சங்கரன்கோவில் பெரியவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் புரியும். அதற்கப்புறம் முழுக்க இடது, வலது, இருநூறு மீட்டர். வண்டி ஓட்டிக்கொண்டே இருநூறு மீட்டரை எப்படி அளப்பது?

தூரத்துக்கு நம்மிடம் வேறு அளவுகள் இருந்தன. காதம் போய்விட்டது. கூப்பிடு தூரம் பேச்சில் மிச்சம் இருக்கிறது. தென்மலையிலிருந்து ஏறிய மினி பஸ்ஸில் 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்றதற்கு, கண்டக்டர் தம்பி ஸ்பீக்கரைக் காட்டி, ''மூணு பாட்டு சார்'' என்றான். இளையராஜா கணக்கில் சுமார் கால் மணி. கடியாரத்தில் பார்த்தேன், சரியாக இருந்தது. இதே பயணத்தை என் போனிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? சரணத்தின் உச்சியில் பாட்டைக் கீழே அமுக்கிவிட்டு, 'நேராகச் செல்லவும்' என்று ஓர் அம்மாள் குறுக்கிடுவார். நேராகத்தானே போய்க்கொண்டிருக்கிறோம்! பாட்டும் வழியும் ஒரே பெட்டியில் வந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத குடித்தனம்.

டீக்கடைக்காரரின் கடைசி வாக்கியத்துக்கு வருகிறேன். 'அங்க கேளுங்க.' எந்தத் தமிழனும் முழு வழியும் சொல்வதில்லை. தனக்குத் தெரிந்த எல்லை வரை சொல்லி, மிச்சத்தை அடுத்த ஊரிடம் ஒப்படைப்பான். போனுக்கு இந்த அடக்கம் கிடையாது. தெரியாத இடத்திலும் அதே குரல், அதே தெம்பு. 2024 ஜனவரியில் கூடலூரில், சீக்கிரம் போகும் வழி என்று மேப் காட்டியதை நம்பி, கர்நாடகத்துக்குத் திரும்பவிருந்த ஒரு கார் குடியிருப்பின் படிக்கட்டில் இறங்கி நின்றது. அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அதே வருஷம் நவம்பரில் உத்தரப்பிரதேசம் பரேலி பக்கம் நடந்தது அப்படியல்ல. வெள்ளத்தில் ராம்கங்கா பாலத்தின் ஒரு பகுதி அடித்துப்போயிருந்தது. மேப்பில் பாலம் முழுசாக இருந்தது. இருட்டில் வந்த கார் ஆற்றுக்குள் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். தடுப்பு வைக்காத பொதுப்பணித் துறைக்காரர்கள்மேல் வழக்கு, மேப் கம்பெனி அதிகாரிமேலும் வழக்கு.

இங்கேதான் மலைபடுகடாம் என்ற 583 அடிப் பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. பெருங்கௌசிகனார் எழுதியது. செங்கம் பக்கத்து நன்னனிடம் போகிற கூத்தர்களுக்கு வழி. பாதியும் எச்சரிக்கைதான். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போ. தினைப்புனக் காவல்காரன் யானையை விரட்ட எறியும் கவண்கல் உன்மேல் படலாம், மரத்தின் பின்னால் ஒதுங்கு. பாறையில் பாசி வழுக்கும். பாம்புப் புற்று உண்டு. நடுவே, எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்கிற மெனுவும் உண்டு. வழி சொல்கிறவன் அந்த வழியில் நடந்து வந்தவன். அவன் காலில் முள் குத்தியிருக்கிறது. போனின் குரலுக்குக் கால் இல்லை. அதன் குறைகளில் பெரியது இதுதான்.

ஆனால் ஒரேயடியாகப் பழம்பெருமை பாட எனக்கு விருப்பமில்லை. 'கேட்டுப் போகும்' பழக்கத்தை ஏங்கி எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் வழி கேட்டால் பதிலுக்கு முன்னால் கேள்வி வரும். 'யார் வீட்டுக்கு?' 'எந்தத் தெரு?' 'நீங்க எந்த ஊரு, யாரு?' எனக்கு அது உபசாரம். தெருப்பெயரைச் சொன்னதும் எதிராளியின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது விசாரணை. இருட்டிய பிறகு ஸ்கூட்டரில் தனியாக வருகிற பெண்ணுக்கு, முக்கில் நிற்கும் நாலு பேரிடம் வழி கேட்பது கிராமிய அழகியல் அல்ல. போன் யாரையும் ஜாதி கேட்பதில்லை, ஏற இறங்கப் பார்ப்பதில்லை. இந்த ஒரு குணத்துக்காக அதன் உச்சரிப்பை நான் பாதி மன்னிக்கத் தயார். தெருக்களின் ஜாதிப் பெயரை எடுக்க 2025 அக்டோபரில் மறுபடியும் ஓர் அரசாணை வர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பலகையை மாற்றினால் போதாது, மேப்பிலும் மாற்ற வேண்டும்.

கூகுளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. 2009 டிசம்பரிலேயே, இந்தியர்கள் தெருப்பெயரைப் பார்ப்பதில்லை, அடையாளத்தை வைத்துத்தான் போகிறார்கள் என்று ஆராய்ந்து, பெட்ரோல் பங்க், கோயில் என்று வழியில் சேர்த்தார்கள். ஆனால் எந்த அடையாளம் என்று உள்ளூர்க்காரருக்குத்தானே தெரியும்? சங்கரன்கோவிலில் ஒன்பது நிலை, 125 அடி கோபுரம் ஊரில் பாதி இடத்திலிருந்து தெரிகிறது. எனக்குக் கிடைத்த அடையாளம் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை. போய்ப் பார்த்தால் அது பூட்டிக் கிடந்தது. இத்தனைக்கும் மேப் என்கிற சாஸ்திரமே கோபுரத்தின்மேல் ஏறித்தான் தெற்கே வந்தது. 1802-ல் பரங்கிமலை அருகே அளக்க ஆரம்பித்த லாம்டன், சமவெளியில் உயரம் கிடைக்காமல் கோயில் கோபுரங்களை உபயோகித்தார். 1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயிலில் அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து தட்டி நிமிர்த்தினார்.

யார் சரிசெய்வது? 2008-ல் கூகுள் 'மேப் மேக்கர்' என்று ஒன்றைத் திறந்து, நம்மையே வரையச் சொன்னது. பையன்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஊர் ஊராக வரைந்தார்கள். 2013-ல் அதற்கு ஒரு போட்டி வைத்தபோது சர்வே ஆஃப் இந்தியா போலீசுக்குப் போனது. 2017-ல் கடையை மூடிவிட்டார்கள். இந்தியாவில் மேப் வரைய இருந்த அனுமதிக் கெடுபிடிகள் 2021 பிப்ரவரியில்தான் தளர்ந்தன. 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் இன்றும் திறந்திருக்கிறது. யாரும் எழுதலாம், தமிழ்ப் பெயருக்குத் தனிக் கட்டமே உண்டு, ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டாம்.

மலைபடுகடாத்தில் ஓர் இடம் வருகிறது. பாதை பிரிகிற இடத்தில் சரியான வழியைத் தேர்ந்தவுடன், அந்தச் சந்தியைத் துப்புரவாக்கி, புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போ என்கிறான் கூத்தன், பின்னால் வருகிற புதியவர்களுக்கு அடையாளமாக. சங்கரன்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். ஐந்து கோயிலில் ஆரம்பிக்கலாம். தென்மலையின் 'ஐ'யை மட்டும் முதலில் கவனித்துவிடுங்கள்.