சுழியம் வைக்கும் கை

கணினியில் வரைந்த மாதிரியின் ஆதிப்புள்ளி, வரைந்தவர் வசதிப்படி எங்கோ கிடக்கும். படகு இன்ஜின் முழுவதையும் சேர்த்து வரைந்திருந்தால், பாகத்தை விட்டு ஒரு முழம் தள்ளிக்கூட நிற்கும். வெட்டும் பாதையை வகுக்கும் கேம் (CAM) மென்பொருளுக்கு ஏற்றுமதி செய்யுமுன் அதைச் சரியான இடத்தில் அமர்த்துவது ஓசையில்லாத, அழகான வேலை. தூத்துக்குடி விசைப்படகு ஒன்றின் பித்தளைப் பம்பு உறையை எடுத்துக்கொண்டால், அச்சில் வார்த்த அதன் சொரசொரப்பான வெளித்தோலை நம்ப முடியாது; தண்டு சுழலும் துளையின் நடுவே சுழியம் வைக்கத் தக்க இடம். இசட் அச்சு துளையோடு நிமிர, எக்ஸ் பாகத்தைப் பிடிக்கும் வைஸின் தாடை நீளத்தோடு படுக்க, ஒய் தானாக விழும். திரைமுன் வலக்கையின் மூன்று விரல்களை விரித்துத் திருப்பிப் பார்க்கும் அந்தக் கணம், அந்நாளில் முத்துப்பாரைத் தேடிய படகோட்டி கரையின் இரு அடையாளங்களை ஒரே கோட்டில் கொண்டுவந்த கணத்துக்கு உறவு.

அதே புள்ளியை உலோகம் வெட்டும் இயந்திரத்திலும் கண்டுபிடிக்க வேண்டும். உப்புக்காற்று படிந்த வைஸின் தாடையைக் கட்டைவிரல் துடைக்கிறது; மயிரிழைச் சீவல் ஒன்று தங்கினாலும் எல்லாம் சாய்ந்துவிடும். துளைக்குள் டயல் மானியின் முனை மெல்லச் சுற்றுகிறது. முள் முதலில் அகலமாக ஆடுகிறது. கைச்சக்கரத்தின் ஒவ்வொரு சின்ன அசைவுக்கும் ஆட்டம் சுருங்கி, கடைசியில் முழுச் சுற்றுக்கும் அசையாமல் நிற்கிறது. சுழியத்தின் இடத்தை இயந்திரம் நினைவில் வைக்கும் ஜி54-இல் எண்கள் பதிவாகின்றன. முதல் ஓட்டத்தில், வெட்டுளி உலோகத்தைத் தொடாமல் துளையின் நேர் மேலே வந்து அந்தரத்தில் நிற்கிறது.