வெட்டின ஷாட்

பகலில் பொறியாளர் வேலை. இரவில் தேக்கா பக்கம் நண்பர்களோட சின்ன வீடியோ ஸ்டூடியோவில் எடிட்டிங். போன தீபாவளிக்கு ஒரு கடை விளம்பரம் செய்தோம். சிராங்கூன் சாலை அலங்கார விளக்குகளைத் தாண்டி, திடலில் உட்கார்ந்திருந்த வெளிநாட்டு ஊழியர்களும் ஒரு ஷாட்டில் விழுந்திருந்தாங்க. “அவங்க வேணாம் தம்பி” என்றார் கடைக்காரர். வெட்டினேன்.

அடுத்த வாரம் கே. ராஜகோபாலின் ‘எ யெல்லோ பேர்ட்’ பார்த்தேன். 2016இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்ட சிங்கப்பூர்ப் படம். சிறையிலிருந்து வெளிவந்த சிவா, சீனச் சாவு ஊர்வலங்களில் வாத்தியம் வாசித்துக்கொண்டே, பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடுகிறான். சில இடங்களில் படம் இழுக்குது. இருட்டு மேல இருட்டு. ஆனா கேமரா அவனை விட்டு நகர மறுக்குது. எங்க விளம்பரங்களில் ரெண்டு நொடிகூடத் தங்காத ஆள் அவன். இங்கே ஒரு முழுப்படமே அவனோடுதான் நடக்குது. அந்தப் பிடிவாதத்துக்காகவே பார்க்கணும்.

நான் வெட்டின ஷாட்டை இன்னும் அழிக்கல.